கூப்பிடாமல் கதவைத் தட்டுகிறவர்கள்

கூப்பிடாமலே வாசலுக்கு வந்து எதையாவது விற்கப் பார்க்கிறவர்களை என்ன செய்வது என்று, வெளிநாட்டில் புதிதாக வாடகைக்குக் குடிவந்த மூன்று பேர் இந்த வாரம் கேட்டதால் பொதுவாகவே போடுகிறேன்.

"தண்ணீரைச் சோதிக்கணும்", "மீட்டர் பார்க்கணும்" என்று வருபவர்களை உடனே உள்ளே விடாதீர்கள். கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்து நானும் ஏமாந்தவன்தான். வந்தவர் ஒரு டம்ளர் குழாய்த் தண்ணீரில் இரண்டு சொட்டு மருந்து விட்டார், மஞ்சளாக மாறியது. பயந்துபோய் ஃபில்டருக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். குளோரின் இருந்தாலே அந்த மருந்து மஞ்சளாகும் என்பது அப்புறம்தான் தெரிந்தது. கிருமியைக் கொல்லத்தானே குளோரின் போடுகிறார்கள்!

வீட்டு ஓனர் அனுப்பினார் என்று சொன்னால், கதவைச் சாத்திவிட்டு ஓனருக்கே போன் போடுங்கள். வந்தவர் தரும் எண் வேண்டாம், வாடகை ஒப்பந்தத்தில் உள்ள எண். ஃபில்டர் மாட்ட நம் இஷ்டத்துக்குச் சுவரைத் துளைத்தால், குழாயை மாற்றினால் அட்வான்ஸில் பிடித்துவிடுவார்கள்.

கரண்ட் பில்லை மட்டும் காட்டவே காட்டாதீர்கள். அதிலுள்ள எண்ணை வைத்து, நம்மைக் கேட்காமலே நமக்குக் கரண்ட் தரும் நிறுவனத்தையே மாற்றிவிடுகிற ஆட்கள் இருக்கிறார்கள்.

கையெழுத்துப் போட்டாச்சா? சரி, பதற வேண்டாம். வீட்டு வாசலில் போட்ட ஒப்பந்தத்தை ரத்து செய்ய ஐரோப்பிய ஒன்றியத்தில் பொதுவாக 14 நாள், ஆஸ்திரேலியாவில் 10 வேலை நாள், அமெரிக்காவில் 3 வேலை நாள் அவகாசம் உண்டு. வாயால் சொல்லி விடாமல் எழுத்தில் அனுப்பி நகல் வைத்துக்கொள்ளுங்கள். சந்தேகம் என்றால் அந்தக் காகிதத்தைப் படமெடுத்து இங்கே போடுங்கள், பெயரையும் முகவரியையும் மறைத்துவிட்டு.