நேற்று போனில் சொல்ல முடியாதது

கண்ணா,

நேற்று நீ பணம் கேட்டபோது முடியாது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் அழுதிருப்பேன், அழுதிருந்தால் கொடுத்திருப்பேன். அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்று வருடமாக நான் செய்ததெல்லாம் பாசம் என்றுதான் நினைத்தேன். போதைப் பழக்கத்தால் நீ வாங்கிய கடனை அடைத்தேன். உனக்குக் காய்ச்சல் என்று உன் மேனேஜரிடம் இரண்டு முறை பொய் சொன்னேன். என் வளையல் காணாமல் போனபோது, நானே எங்கோ வைத்து மறந்துவிட்டேன் என்று அப்பாவிடம் சொன்னேன். உன் மேல் விழ வேண்டியதையெல்லாம் நான் தாங்கிக்கொண்டேன், அதனால் எதுவும் உனக்கு உறைக்கவே இல்லை. இதைப் புரியவைத்தவர் நான் சில மாதமாகப் போய்ப் பார்க்கும் ஆலோசகர். முதல் நாள் அவர் உன்னைப் பற்றிக் கேட்கவே இல்லை. “ராத்திரி தூங்குகிறீர்களா?” என்றுதான் கேட்டார்.

ராபர்ட் மேயர்ஸ் என்ற உளவியலாளர் குடும்பங்களுக்காக உருவாக்கிய பயிற்சியைத்தான் அவர் சொல்லித்தருகிறார். அதில் திட்டு, மிரட்டல் எதுவும் கிடையாது. நீ தெளிவாக இருக்கும்போது பக்கத்தில் இருக்க வேண்டும், போதையில் இருக்கும்போது விலகிக்கொள்ள வேண்டும். இரண்டாவதுதான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது.

இனி கையில் பணம் தர மாட்டேன். சிகிச்சைச் செலவென்றால் நானே நேரில் கட்டுவேன். யாரிடமும் உனக்காகப் பொய் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள் அந்தப் பொருள் வரக் கூடாது. போதையில் போன் செய்தால் “நாளைக்குப் பேசலாம்” என்று வைத்துவிடுவேன். ஆனால் உயிருக்கு ஆபத்து என்றால் எந்த நேரமானாலும் கூப்பிடு, ஒரு கேள்வியும் கேட்காமல் வருவேன்.

உன்னை அடியோடு கைவிட்டால்தான் திருந்துவாய் என்று சொந்தக்காரர்கள் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படி விடப்பட்ட எத்தனையோ பிள்ளைகள் திருந்துவதற்குள் செத்துப்போயிருக்கிறார்கள்.

இன்னொன்று, இதை மட்டும் இரண்டு முறை படி. ஹெராயின், ஃபென்டனில் போன்ற ஓபியாய்டுகளைச் சில வாரம் நிறுத்தினாலே உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். அப்புறம் பழைய அளவை எடுத்தால் மூச்சு நின்றுவிடலாம். சிகிச்சை முடிந்தோ சிறையிலிருந்தோ வெளியே வந்த முதல் வாரங்களில்தான் பலர் இப்படிப் போகிறார்கள். நீ எடுக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எடுத்தால் தனியாக இருக்காதே. ஓபியாய்டு அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்தான நலோக்சோன் ஸ்பிரே இப்போது என் பையில் இருக்கிறது, மூக்கில் அடிக்கக் கற்றுக்கொண்டேன். அதன் வேலை 30 முதல் 90 நிமிடத்துக்குள் தீர்ந்துவிடும், மூச்சு மறுபடியும் நிற்கலாம். அதனால் கண் விழித்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆக வேண்டும். இதை உன் நண்பர்களுக்கும் சொல்.

அப்பா மாறிவிட்டார். இந்தப் பழக்கத்துக்குச் சிகிச்சையாகக் கொடுக்கும் மெதடோன், புப்ரெனார்ஃபின் மருந்துகளெல்லாம் ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், போன வாரம் டாக்டரிடம் ஒரு மணி நேரம் பேசினார். அந்த மருந்துகளில் இருப்பவர்கள் சாவது பெரிதும் குறைகிறது என்று தெரிந்ததும் வெளியே வந்து ரொம்ப நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். நீ சரி என்றால் கூட வருவாராம்.

ஞாயிற்றுக்கிழமை உன் தங்கை வருகிறாள். தெளிவாக இருந்தால் நீயும் வா. இல்லையென்றால் அடுத்த ஞாயிறு வா.

அம்மா