அத்தை மறந்த ஒரு வரி

அன்புள்ள நண்பா,

ஆறு மாதமாகக் கடிதம் போடவில்லை. திட்டு, வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். உன் முதுகுவலிக்கு டாக்டரைப் பார்த்தாயா, இல்லை வழக்கம்போல நாளைக்குத்தானா?

போன வாரம் அத்தை பேத்திக்குத் தாத்தாவின் பஸ் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள். இரவு பஸ்ஸில் ஏறியதும் தூங்கிப்போனது, விடியற்காலையில் பதறி இறங்கியது, நாலு பக்கமும் பார்த்தது எல்லாம் சொல்லிவிட்டு நின்றுவிட்டாள். "அப்புறம் என்னமோ சொன்னாரே..." என்று நெற்றியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "இந்த ஊரும் நம்ம ஊர் மாதிரியே இருக்கே!" என்று நான்தான் எடுத்துக்கொடுத்தேன். வண்டி ரிப்பேராகி ராத்திரி முழுக்க கிளம்பவே இல்லை என்றதும் குழந்தை விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கே அந்த வரியைச் சொல்லிக்கொடுத்தவள் அத்தைதானே.

அன்றிரவே நோட்டில் எழுதினேன். ஐந்து வரியில் முடிந்துவிட்டது, உயிரே இல்லை. சொல்வதற்கு முன்பே அவள் சிரிக்க ஆரம்பிப்பாளே, அதை எப்படி எழுதுவது? அதனால் இப்போது போனில் பதிகிறேன். மூஞ்சிக்கு நேரே நீட்டினால் மேடைப்பேச்சு மாதிரி ஆகிவிடுகிறது. ஃபேனை அணைத்து, போனைப் பக்கத்தில் வைத்துவிட்டு, குழந்தையைக் கேட்க விடுகிறேன். எனக்குத் தெரிந்த கதை என்பதால் என்னிடம் பாதியை விழுங்கிவிடுவாள். குழந்தையிடம் ஒன்று விடாமல் சொல்கிறாள். பெரியப்பா அதே கதையை வேறு மாதிரி சொல்கிறார். யார் சொல்வது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை, இரண்டும் இருக்கட்டும்.

சின்னக்காவின் பரீட்சைக் கதையை மட்டும் நான் பதியவில்லை. "அதுக்கு நான் ஒருநாளும் சிரிச்சதில்லடா" என்றாள். இத்தனை வருஷம் நாம் அதைக் கவனிக்கவே இல்லை, பார்.

எதற்கு இவ்வளவு பாடு என்பாய். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் மார்ஷல் ட்யூக், ராபின் ஃபைவுஷ் என்ற உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் அவரவர் குடும்பத்தைப் பற்றி 20 கேள்விகள் கேட்டுப் பார்த்தார்கள். குடும்பக் கதைகள் நிறையத் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் கூடுதலாக இருந்ததாம். எனக்கு அந்த ஆராய்ச்சி கூட வேண்டாம். குழந்தை இப்போது எங்கே போனாலும் "இந்த ஊரும் நம்ம ஊர் மாதிரியே இருக்கே" என்கிறாள், அது போதும்.

இப்போது முக்கியமான விஷயம். உன் டேப் ரெக்கார்டரில் சித்தப்பாவைப் பேசவைத்துப் பதிந்தாயே, அந்த கேசட் இருக்கிறதா? இருந்தால் பழைய பிளேயரில் போட்டுப் பார்க்காதே. நாடாவில் காந்தத்தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரம் பட்டுக் கெட்டிருக்கலாம், சிக்கினால் போச்சு. இதே வேலையாக இருப்பவர்களிடம் கொடுத்து, எம்பி3-யாகச் சுருக்காமல் வேவ் ஃபைலாக மாற்றச் சொல். மூன்று பிரதி எடுப்போம், ஒன்று உன் வீட்டிலேயே இருக்கட்டும்.

சித்தப்பா பேசும்போது பின்னால் ஒரு சிரிப்பு கேட்கும், நினைவிருக்கிறதா? அது அம்மா. அவள் குரல் வேறு எதிலும் என்னிடம் இல்லை. பரணில் இன்றைக்கே தேடு.

உன் நண்பன்