அம்பாவையே பாடு, தாயி

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுகிறேன். இங்கிலாந்தின் ஹல் நகரில் ஒரு ஃபோக் கிளப்புக்கு, அதாவது நாட்டுப்பாட்டு பாடுகிறவர்கள் கூடும் இடத்துக்குப் போகப் போகிறாய், அங்கே பாடவும் சொல்லியிருக்கிறார்கள் என்று உங்கம்மா சொன்னாள். அதற்காக இங்கிலீஷ் பாட்டு ஒன்றை நீ உருப்போட்டுக்கொண்டிருப்பதாகவும் கேள்விப்பட்டேன். வேண்டாம் தாயி. கரைவலை இழுக்கும்போது தாத்தா பாடிய அம்பாவையே பாடு. உன்னைப் போலவே இந்த நாட்டுக்கு வந்து கூச்சத்தோடு நிற்கிற மற்ற பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கச்சேரி மேடை மாதிரி எதையும் எதிர்பார்க்காதே. பப்பின் மாடியிலோ பின்பக்கத்திலோ ஓர் அறை, அவ்வளவுதான். பல இடங்களில் மைக்கே இருக்காது. சிறப்புப் பாடகர் யாரும் வராத ‘சிங்கர்ஸ் நைட்’ என்றால் வந்திருப்பவர்கள்தான் பாடகர்கள். நிகழ்ச்சியை நடத்துகிற எம்சி பெயர் சொல்லிக் கூப்பிடுவார், ஆளுக்கு ஒன்றோ இரண்டோ பாடுவார்கள். இடைவேளையில் ராஃபிள் என்கிற பரிசுக் குலுக்கல் சீட்டு வரும், ஒன்று வாங்கிக்கொள். குடிக்க ஆரஞ்சு ஜூஸ் போதும், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருப்பார்கள்: யாராவது பாடும்போது கதவைத் திறந்துகொண்டு உள்ளே போகக் கூடாது. பாட்டு முடியும்வரை வெளியே நில். நரைத்த தலைகள்தான் அதிகம் இருக்கும். யாராவது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு கொலை, பேய், கப்பல் என்று ஒரு கதைப்பாட்டை நீட்டிக்கொண்டே போவார். விடிய விடிய வில்லுப்பாட்டு கேட்ட குடும்பம் நாம், நமக்கு அது ஒரு நீளமா?

சரி, ஏன் அம்பா? 1950களில் இங்கே ஸ்கிஃபிள் மோகம் வந்தது, கிதாரோடு வீட்டுச் சாமானையும் வாத்தியமாக்கி வாசிக்கிற எளிய இசை அது. பாடகர் லானி டோனகனின் ரெக்கார்டு 1956-இல் ஹிட் ஆனதும் ஊரெல்லாம் பையன்கள் கிதாரும் கையுமாக அமெரிக்கப் பாட்டுகளைப் பாடித் திரிந்தார்கள். அந்த அலையிலிருந்துதான் ஃபோக் கிளப்புகள் பலவும் முளைத்தன. லண்டனில் கிளப் நடத்திய பாடகர்கள் ஈவான் மக்காலும் பெக்கி சீகரும் ஒரு கட்டத்தில் ஒரு விதி போட்டார்கள்: எங்கள் மேடையில் ஏறுகிறவர் தன் மொழி, தன் மண் பாட்டைத்தான் பாட வேண்டும். லண்டன்காரர் லண்டன்காரராகவே பாடட்டும், அமெரிக்கக் கறுப்பினத்தவர் மாதிரி குரலை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்பது அவர்கள் எண்ணம். அதற்கு எதிர்ப்பும் நிறைய இருந்தது. பாட்டுக்குப் போய்ச் சட்டம் போடுவது எனக்கும் பிடிக்காது. ஆனால் உன்னைப் போன்றவளுக்கு அந்த விதி நல்ல சாக்கு. நீ தமிழில் பாடினால் அது அவர்கள் பெரியவர் சொன்னபடி நடப்பதுதானே!

நீ இருக்கிற ஊரும் லேசுப்பட்டதல்ல. ஃபோக் பாட்டில் பேர்பெற்ற வாட்டர்சன் குடும்பம் ஹல்காரர்கள்தான். நார்மா, மைக், லால் என்று கூடப்பிறந்த மூவர், அவர்களோடு மாமன்மகனோ சித்தப்பா மகனோ முறையான ஜான் ஹாரிசன். ஸ்கிஃபிள் வாசித்து ஆரம்பித்தவர்கள், பிறகு வாத்தியத்தையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு நாலு குரலை மட்டும் நம்பிப் பாடினார்கள். 1965-இல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தைத் தேடிக் கேள். அழகுபடுத்தாத முரட்டுக் குரல்கள், வயற்காட்டில் எட்ட நிற்பவரைக் கூப்பிடுகிற மாதிரி. கேட்டால் உன் குரலைப் பற்றிய கூச்சம் பாதி போய்விடும்.

அதோடு ஹல் மீன்பிடி ஊர். 1968-இல் சில வாரங்களுக்குள் மூன்று மீன்பிடிக் கப்பல்கள் மூழ்கி 58 பேர் போனார்கள். அந்தத் தெருக்களின் பெண்கள்தான் லில்லியன் பிலோக்கா தலைமையில் கிளம்பி, கப்பலில் பாதுகாப்பு வேண்டும் என்று அரசாங்கத்தோடு சண்டை பிடித்தார்கள். கடலுக்குப் போனவன் திரும்புவானா என்று கரையில் நிற்பதைப் பற்றி அந்த ஊருக்கு நீ விளக்க வேண்டியதில்லை.

அவர்களிடம் ஷாண்டி என்று பாய்மரக் கப்பல் பாட்டுகள் உண்டு. ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பதில் அடி பாடிக்கொண்டே கயிற்றை இழுப்பார்கள். நம் அம்பாவின் கணக்கும் அதுதானே. தாத்தா ஓர் அடி சொல்ல, வலைக்கயிறு பிடித்தவர்கள் ‘ஏலேலோ’ என்று இழுப்பார்கள். அதனால் பாடுவதற்கு முன் அறையைப் பார்த்து, ‘நான் இந்த இடத்தில் நிறுத்துவேன், நீங்கள் ஏலேலோ சொல்லுங்கள்’ என்று ஒருமுறை பாடிக் காட்டு. இரண்டாவது சுற்றிலேயே பிடித்துக்கொள்வார்கள். மூன்றாவதில் யாராவது கீழ்க்குரலில் தனியாக ஒரு சுருதி சேர்ப்பார், திகைத்து நிறுத்திவிடாதே. பின்பாட்டு பாடத்தான் அவர்கள் வருகிறார்களே!

சுருதியைக் கொஞ்சம் இறக்கியே எடு. எட்டாமல் போனால் நிறுத்தி மறுபடி ஆரம்பிக்கலாம், அங்கே எல்லாரும் செய்வதுதான். பொருள் சொல்லும்போது இரண்டே வாக்கியம் போதும், தமிழின் தொன்மை பற்றிப் பிரசங்கம் வைத்துவிடாதே. அப்புறம், இன்னொன்று பாடச் சொல்லிக் கேட்பார்கள். ஆச்சியின் தாலாட்டையும் ஒருதரம் பாடிப் பார்த்து வைத்துக்கொள், ஐந்தாவது அடி மறந்திருந்தால் அம்மாவுக்கு போன் போடு.

இப்படிக்கு,
மாமா