கொடுமைக்காரக் கணவன் அந்தக் கதைகளில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கச் சிறுகதைகளில் பெண்களும் திருமணமும் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். கேட் ஷோபின், ஷார்லட் பெர்கின்ஸ் கில்மன் இருவரைப் பற்றியும் தமிழில் இவ்வளவு விரிவாக யாராவது எழுத மாட்டார்களா என்று நெடுநாள் காத்திருந்தவள் நான். அதனால்தான் ஓரிடத்தைப் படித்ததும் மனசு கேட்கவில்லை. கொடுமைக்காரக் கணவர்களிடம் சிக்கிக்கொண்ட பெண்களின் கதைகள் என்று இரண்டு பேரின் கதைகளையும் சேர்த்து ஒரே வரியில் முடித்துவிட்டார் கட்டுரையாளர்.

ஷோபின் 1894-இல் எழுதிய 'ஒரு மணி நேரத்தின் கதை'யில் அப்படி ஒரு கணவன் எங்கே இருக்கிறான்? ரயில் விபத்தில் பிரென்ட்லி மல்லார்ட் இறந்துவிட்டதாகச் செய்தி வருகிறது. மனைவிக்கு இதய நோய் என்பதால் அவளுடைய சகோதரி அதைப் பக்குவமாகச் சொல்கிறாள். மனைவி அந்த இடத்திலேயே கதறி அழுகிறாள். பிறகு தன் அறைக்குப் போய், திறந்த ஜன்னலுக்கு எதிரே உட்காரும்போதுதான், இனிமேல் தன் வாழ்க்கை தன்னுடையது என்ற நினைப்பு வருகிறது. வந்ததும் அதைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறாள், முடியவில்லை. அந்த நேரத்திலும் கணவனின் அன்பான கைகள் அவள் நினைவில் இருக்கின்றன. தன்னை அன்போடு மட்டுமே பார்த்த அந்த முகத்தை உயிரில்லாமல் பார்க்கும்போது மறுபடி அழுவோம் என்றும் அவளுக்குத் தெரியும். அவள் நிம்மதியாக மூச்சுவிட்டது ஒரு கொடியவன் போனதால் இல்லை.

ஷோபின் அந்த இடத்தில் ஒரு கருத்தை வைக்கிறார். ஒருவர் தன் விருப்பத்தை இன்னொருவர் மேல் சுமத்துவது குற்றம், அதை நல்ல எண்ணத்தோடு செய்தாலும் குற்றம்தான் என்கிறார். அப்படிச் சுமத்த உரிமை உண்டென்று நம்புகிறவர்கள் என்று ஆண்களோடு பெண்களையும் சேர்த்தே சொல்கிறார். கதையின் உயிர் இதுதான் என்று நினைக்கிறேன். கணவன் உயிரோடு வந்து நிற்பதைப் பார்த்து அவள் செத்துப்போகும் கடைசித் திருப்பத்தைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்கள், கட்டுரையாளரும் அதற்கு ஒரு பத்தி ஒதுக்கியிருக்கிறார். அதைவிட என்னை உலுக்கியது வேறு. கதை தொடங்கியதிலிருந்து அவள் மிசஸ் மல்லார்ட்தான். லூயிஸ் என்ற பெயரே அவள் தன் விடுதலையை உணர்ந்த பிறகுதான், மூடிய கதவுக்கு வெளியே நின்று சகோதரி கூப்பிடும்போதுதான், நம் காதில் விழுகிறது.

ஷோபினின் வாழ்க்கையையும் கட்டுரையில் கொஞ்சம் சேர்த்திருக்கலாம். 1855-இல், அவர் சிறு பிள்ளையாக இருந்தபோது, அவருடைய அப்பா ரயில் விபத்தில்தான் இறந்தார். அப்புறம் அவர் வளர்ந்தது அம்மா, பாட்டி, பாட்டியின் அம்மா என்று மூன்று கைம்பெண்கள் இருந்த வீட்டில். 1870-இல் திருமணம் ஆனது. 1882-இல் கணவர் ஆஸ்கர் காய்ச்சலில் இறந்தபோது கையில் ஆறு பிள்ளைகள், தலைக்கு மேல் கடன். லூசியானாவில் கணவரின் கடையை ஓராண்டுக்கு மேல் தானே நடத்திவிட்டுத்தான் செயின்ட் லூயிஸுக்குத் திரும்பினார். துக்கம் என்றால் என்ன, ஒரு பெண் தானே முடிவெடுப்பது என்றால் என்ன என்று இரண்டையும் நேரில் அறிந்தவர். ஒரே மணி நேரத்துக்குள் இரண்டையும் அவரால் வைக்க முடிந்தது அதனால்தான்.

கில்மனின் 'மஞ்சள் வால்பேப்பர்' கதையிலும் இதே விஷயம்தான். 1892-இல் வந்த கதை அது. கணவன் ஜான் டாக்டர். மனைவியை அடிப்பதில்லை, திட்டுவதில்லை, செல்லப் பெயர் வைத்துக் கூப்பிடுகிறான். அவள் உடம்பு தேற வேண்டும் என்றுதான் அவளை எழுதவிடாமல் தடுக்கிறான், ஜன்னலுக்குக் கம்பி போட்ட மாடி அறையில் தங்க வைக்கிறான். கில்மனுக்கே இது நடந்தது. 1887-இல் பிலடெல்பியாவின் பெயர்பெற்ற டாக்டர் வெய்ர் மிட்செல் அவருக்கு ஓய்வு சிகிச்சை கொடுத்து, வீட்டு வேலையோடு இரு, படிப்பதும் யோசிப்பதும் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் போதும், உயிருள்ள வரை பேனாவைத் தொடாதே என்று சொல்லி அனுப்பினார். அதைக் கடைப்பிடித்துப் புத்தி பேதலிக்கும் விளிம்புக்கே போய்விட்டதாகக் கில்மன் பிற்பாடு எழுதினார். ஜானைக் கொடுமைக்காரன் என்று சொல்லிவிட்டால், என் வீட்டுக்காரர் அப்படி இல்லை என்று படிக்கிறவர் புத்தகத்தை மூடிவிடலாம். கில்மன் அந்த வசதியை யாருக்கும் கொடுக்கவில்லை.

சட்டமும் இதற்குத் துணை நின்றது. திருமணமான பெண்ணின் சொத்து, கூலி எல்லாம் கணவன் பொறுப்பில் என்ற பழைய ஆங்கிலச் சட்டம், நியூயார்க்கில் 1848-லிருந்தும் இங்கிலாந்தில் 1870, 1882 சட்டங்களாலும்தான் தளர்ந்தது. கணவன் நல்லவனா கெட்டவனா என்று அந்தச் சட்டம் கேட்டதில்லை.

சரி, கட்டுரையில் எனக்குப் பெரிய குறை, அதே காலத்து அமெரிக்க எழுத்தாளர் மேரி வில்கின்ஸ் ஃப்ரீமன் இல்லாததுதான். லூயிஸ் செத்துப்போகிறாள், கில்மனின் நாயகி பித்துப் பிடித்துத் தரையில் ஊர்கிறாள். இவர்களோடு நிறுத்திவிட்டால், அந்தக் காலக் கதைகளில் பெண்ணுக்கு வேறு முடிவே இல்லை என்று தோன்றிவிடும். ஃப்ரீமனின் 'அம்மாவின் கலகம்' 1890-இல் வந்தது. செரா பென்னுக்குக் கல்யாணமாகி நாற்பது வருஷம். புது வீடு கட்டித் தருகிறேன் என்று கணவன் அடோனிராம் காட்டிய அதே இடத்தில் இப்போது மாடுகளுக்கு இன்னொரு தொழுவம் எழும்புகிறது. அவள் நேருக்கு நேர் நின்று கேட்கிறாள், அவன் வாயே திறப்பதில்லை. அன்றைக்கும் அவனுக்குப் பிடித்த பலகாரத்தைச் செய்துவைக்கிறாள், அவன் சட்டையைத் தைக்கிறாள். அவன் குதிரை வாங்க வெளியூர் போனதும், அடுப்பு, கட்டில், பாத்திரம் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு புதுத் தொழுவத்துக்குக் குடிபோய்விடுகிறாள். புத்தி சொல்ல வந்த போதகரிடம், நம் முன்னோர் தங்களுக்குச் சேரவேண்டியது கிடைக்காமல் பழைய நாட்டை விட்டு இங்கே வந்தது எவ்வளவு சரியோ அவ்வளவு சரி நான் செய்ததும் என்கிறாள். திரும்பி வந்த அடோனிராம் விஷயம் புரிந்து, அழுது, அவள் கேட்ட தடுப்புச் சுவர்களையும் ஜன்னல்களையும் போட்டுத் தருவதாகச் சொல்கிறான். அவனும் கொடியவன் இல்லை. கேட்காமலே இருந்து பழகிப்போனவன்.

1917-இல் ஃப்ரீமனே இந்தக் கதையைக் கைகழுவினார். அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியான நியூ இங்கிலாந்தில் இப்படி ஒரு பெண் இருந்ததே இல்லை, உண்மையில் இல்லாததை எழுதிவிட்டேன் என்கிற தொனியில் ஒரு பத்திரிகையில் எழுதினார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அப்படிப்பட்ட பெண் இருந்தாளா என்பதைவிட, அப்படி ஒருத்தி இருக்கலாம் என்று 1890-இலேயே ஒரு பெண்ணுக்குத் தோன்றியதே எனக்கு முக்கியம்.

கட்டுரையின் அடுத்த பகுதி வருவதற்குள் 'அம்மாவின் கலகம்' கதையை முழுதாக மொழிபெயர்த்து நம் இதழில் வெளியிட முடியுமா என்று கேட்டுக்கொள்கிறேன். எழுதி நூறாண்டுக்கு மேலான கதை, காப்புரிமைச் சிக்கலும் இருக்காது. இடம் போதாதென்றால், போதகர் வரும் பகுதியையாவது போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கும்பகோணம்