நடக்கச் சொல்லி ஒரு போன் வர வேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
கண்மாய்க் கரையில் நடக்கும் பெண்கள் 23 பேர்,
காளையார்கோவில் ஒன்றியம், சிவகங்கை மாவட்டம்.
(பெயர், கையொப்பம், கைரேகை பின்பக்கம்)

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு நடைப்பயிற்சியை நினைவூட்டும் தமிழ்க் குரல் அழைப்பை எங்கள் ஒன்றியத்தில் சோதனையாகத் தொடங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்களில் பாதிப் பேருக்கு மேல் சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீடு தேடி வருகிறது. அதில் குறையேதும் இல்லை. மாத்திரையோடு நடையும் வேண்டும் என்கிறார் டாக்டர். "வயக்காட்டு வேலை செய்றவளுக்கு எதுக்கு வாக்கிங்?" என்று வீட்டில் சிரிக்கிறார்கள். இப்போது நாற்று நடவும் அறுவடையும் மெஷினுக்குப் போய்விட்டன. நாங்கள் உட்கார்ந்திருக்கும் நேரம்தான் கூடிவிட்டது.

நான்கு மாதம் முன்பு விடியற்காலையில் கண்மாய்க் கரையில் நடக்க ஆரம்பித்தோம். முதல் மாதம் 23 பேர். இப்போது 8, 9 பேர் வந்தால் பெரிது. வராதவர்களுக்கு மனசு இல்லாமல் இல்லை. யாராவது ஞாபகப்படுத்தினால் வருகிறார்கள்.

2021-இல் மத்திய அரசு உடற்பயிற்சிக்கான ஃபிட் இந்தியா செயலியை வெளியிட்டது. அதை ஏற்ற ஸ்மார்ட்போன் வேண்டும். எங்கள் வீடுகளில் அது மகன் கையிலோ பேரன் கையிலோ இருக்கிறது. எங்களிடம் இருப்பது பட்டன் போன்.

பட்டன் போனே போதும் என்பதற்குச் சென்னை மருத்துவர்கள் நடத்திய ஆய்வே சாட்சி. சர்க்கரை வரும் நிலையில் இருந்த, வேலைக்குப் போகும் ஆண்கள் 537 பேரை எடுத்து, ஒரு பிரிவினருக்கு மட்டும் உணவு, உடற்பயிற்சி பற்றி அடிக்கடி குறுஞ்செய்தி அனுப்பினார்கள். இரண்டு ஆண்டுகளில் செய்தி பெற்றவர்களில் 18 சதவீதம் பேருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதம் பேருக்கும் சர்க்கரை நோய் வந்தது. 2013-இல் லான்செட் மருத்துவ இதழ் ஒன்றில் முடிவு வெளியானது. அதில் பெண்கள் ஒருவர்கூட இல்லை என்பது எங்கள் மனக்குறை. அதனால்தான் எங்களை வைத்தும் செய்து பாருங்கள் என்கிறோம்.

ஆனால் எங்களுக்குக் குறுஞ்செய்தி ஒத்துவராது. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து இடம், தமிழில் 70-தான். பழைய போன்களில் தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. எங்களில் ஏழு பேருக்குப் படிக்கவும் தெரியாது. ஆகவே குரல் அழைப்பு வேண்டும். கர்ப்பிணிகளுக்கு வாரம் ஒருமுறை போனில் பேசும் 'கில்காரி' திட்டத்தை மத்திய அரசே பல மாநிலங்களில் நடத்துகிறது. முடியாத காரியமில்லை.

வாரம் இரண்டு நாள், இரவு ஏழரை மணிக்கு மேல், அரை நிமிடம் போதும். பகலில் அடித்தால் நூறு நாள் வேலையில் இருப்போம். "தினமும் 30 நிமிடம் மிதமான உடற்பயிற்சி" என்று அறிக்கை வாசிக்க வேண்டாம். "நாளைக்குக் கோயில் வரைக்கும் ரெண்டு தரம் போய்ட்டு வாங்க" என்றால் புரியும். மாத்திரை போடுகிறவர்கள் வெறும் வயிற்றில் வேகமாக நடக்கலாமா, கால் மரத்துப்போனவர்கள் என்ன செருப்புப் போடுவது என்பதையும் டாக்டரிடம் கேட்டுச் சொல்ல வேண்டும்.

மாத்திரை கொண்டுவரும் தன்னார்வலரே சம்மதம் கேட்டு எண்ணைக் குறித்துக்கொள்ளலாம். வேண்டாம் என்றால் ஒரு மிஸ்டு கால் கொடுத்து நிறுத்திக்கொள்ள வழி இருக்கட்டும். எங்கள் எண்கள் வேறு யார் கைக்கும் போகக் கூடாது. இப்போதே லோன் வேண்டுமா என்று ஒரு நாளைக்கு நாலு கால் வருகிறது.

இன்னொன்று: போன் ஞாபகப்படுத்தினாலும் விடியற்காலையில் நடக்கக் கரையில் வெளிச்சம் வேண்டும். கருவேல முள்ளை வெட்டி, நான்கு விளக்குப் போட்டுத் தர வேண்டுகிறோம்.

சோதனைக்கு எங்கள் 23 எண்களையே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். பதிவு செய்யக் குரல் தேவைப்பட்டால் எங்களில் ஒருவர் வந்து பேசித் தருவார்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கண்மாய்க் கரையில் நடக்கும் பெண்கள்