மில் திறப்பதற்கு முன்

அன்புள்ள சண்முகம்,

இங்கே எல்லோரும் சுகம். பெரியவளுக்கு வள்ளியூரில் வேலை கிடைத்திருக்கிறது. உம் மகன் ஆலங்குளத்தில் சத்துமாவு மில் தொடங்கப் போகிறான் என்று இசக்கி சொல்லித்தான் எனக்குத் தெரிகிறது. உமக்குச் சொல்ல வாய் வரவில்லையா வே? அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம். இப்போது வேறு விஷயம்.

போன வாரம் எங்கள் ஆலையில் ஒரு பையன், பிளாஸ்டிக் உறை வைத்த சாக்கிலிருந்து மக்காச்சோள ஸ்டார்ச்சை இரும்புத் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தான். மாவு இறங்க இறங்க வெற்று உறை அவன் முன்கையில் வந்து ஒட்டியது. தொட்டி விளிம்பைத் தொட்டான். சடக்கென்று ஒரு பொறி. கையை உதறிவிட்டுச் சிரிக்கிறான்! அந்தக் குத்து உடம்புக்குத் தெரிவதற்கே ஏறக்குறைய 3,000 வோல்ட் ஏறியிருக்க வேண்டும். மாவுத் தூசி காற்றில் அடர்த்தியாக மிதந்திருந்தால் அந்தப் பொறியிலேயே பற்றி வெடித்திருக்குமே என்று நினைத்து அன்று நான் சாப்பிடவில்லை.

தொட்டிக்கு எர்த் கம்பி இருந்தது. ஆனால் கிளிப் பெயிண்டின் மேல் கடித்துக்கொண்டிருந்தது, பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாதே. மேலதிகாரியிடம் சொன்னால், "இத்தனை வருஷம் ஒன்றும் ஆகவில்லையே" என்கிறார்.

மாவு நகர்ந்தாலே மின்னூட்டம் பிறக்கும், அதை நிறுத்த முடியாது. தேங்காமல் மண்ணுக்கு இறக்கிவிட வேண்டும். உம் மகனிடம் சொல்லும்: பெயிண்டைச் சுரண்டிவிட்டு எர்த் மாட்ட வேண்டும். குழாய் இணைப்பில் ரப்பர் வாஷர் இருந்தால் இரண்டு பக்க இரும்பையும் செம்புக் கம்பியால் சேர்க்க வேண்டும். மின்தடையை அளந்தால் மீட்டர் 10 ஓமுக்குள் காட்ட வேண்டும். மாவு கொட்டுகிறவன் ரப்பர் செருப்பு போடக்கூடாது. குற்றாலத்தில் சாரல் அடிக்கும் மாதங்களில் நம் பக்கம் மேல்காற்று காய்ந்து வீசும், அப்போது இன்னும் கவனம்.

உத்தரத்தில் தூசி படிய விடவே கூடாது. 2008இல் அமெரிக்காவின் ஜார்ஜியாவில் ஒரு சர்க்கரை ஆலை வெடித்து 14 பேர் செத்தார்கள். அங்கே தொடக்கம் சூடேறிய பேரிங்காக இருக்கலாம் என்றது விசாரணை. ஆனால் முதல் வெடிப்பில் உதிர்ந்த தூள் அடுத்தடுத்துப் பற்றித்தான் கட்டடமே போனது. காற்றழுத்தக் குழாயால் ஊதிச் சுத்தம் செய்வதும் தூசியைக் கிளப்பிவிடுகிற வேலைதான். துடைத்து அள்ள வேண்டும்.

திறப்பு விழாத் தேதியை எழுதும். இரண்டு நாள் முன்னதாகவே மீட்டரோடு வருகிறேன். அதுவரை பெயிண்டரை இயந்திரங்களின் பக்கம் விட வேண்டாம். அத்தையைக் கேட்டதாகச் சொல்லும்.

அன்புடன்,
கோமதிநாயகம்