இளம் செய்தியாளருக்கு ஓராண்டு அவகாசம் வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இளம் செய்தியாளர்களுக்குப் பல்கலைக்கழகங்கள் வழியாகப் புலனாய்வுப் பயிற்சி அளிப்பது பற்றித் தங்கள் ஏட்டில் வந்த கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வார ஏடுகளிலும் நாளேட்டிலுமாக முப்பத்தோர் ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கட்டுரை பாடத்திட்டத்தை விரிவாகச் சொன்னது. பயிற்சி பெறுகிறவரின் சம்பளத்தைப் பற்றியும், அவருக்குக் கிடைக்கப்போகும் நேரத்தைப் பற்றியும் ஒரு வரிகூட இல்லை. புலனாய்வுச் செய்தி நிற்பதும் விழுவதும் அந்த இரண்டில்தான் என்பதை நான் பட்டுத் தெரிந்துகொண்டதால் இதை எழுதுகிறேன்.

ஃபெலோஷிப் என்றதும் நம்மவர்கள் அதைப் படிப்புக்கான உதவித்தொகை என்று எண்ணிவிடுகிறார்கள். நான் சொல்வது, செய்தியாளர் சம்பளத்தோடு வேலை செய்தபடியே பயிற்சி பெறும் ஏற்பாடு. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் லோவெல் பெர்க்மன் தொடங்கிய புலனாய்வுச் செய்தித் திட்டத்தில், தொழிலுக்கு வந்து சில ஆண்டுகளே ஆன செய்தியாளர்கள் ஓராண்டுக் காலம் சம்பளம் பெற்றுக்கொண்டு, மூத்த ஆசிரியர் ஒருவரின் துணையோடு, கையில் எடுத்த ஒரே விஷயத்தைத் தோண்டிப் பார்க்க முடிகிறது. அவர்கள் தேர்வு எழுதுவதில்லை, செய்தி எழுதுகிறார்கள். நம் ஊருக்கும் அத்தகைய ஏற்பாடுதான் வேண்டும்.

ஏன் என்பதற்கு என் சொந்தத் தவறு ஒன்றையே சொல்கிறேன். 1990-களின் தொடக்கத்தில் ஒரு வார ஏட்டில் சேர்ந்து ஒன்றரை ஆண்டு ஆகியிருந்தது. வீட்டுமனைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மனையைக் கொடுக்காமல் இழுத்தடித்த ஒரு நிறுவனத்தின் இயக்குநர் பட்டியலைப் பதிவகத்திலிருந்து வாங்கி வைத்திருந்தேன். அதில் பிள்ளை என்று ஒரு பெயர் இருந்தது. வியாழன் மாலைக்குள் செய்தியைக் கொடுத்தாக வேண்டும். அந்த வாரமே வேறு ஒன்பது செய்திகளும் என் தலையில் இருந்தன. அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, அதே முன்னெழுத்துள்ள இரும்புக் கடைக்காரர் ஒருவரைச் சுட்டிக் காட்டினார்கள். கடைக்கு இரண்டு முறை தொலைபேசி செய்தேன், யாரும் எடுக்கவில்லை. அவர்தான் அந்த இயக்குநர் என்று செய்தி அச்சேறிவிட்டது.

அவர் அந்தப் பிள்ளை அல்லர். டர்பன் தொலைபேசிப் புத்தகத்தில் பிள்ளை, நாயுடு, கோவிந்தர், முதலி என்ற பெயர்கள் பக்கம் பக்கமாக வரும் என்பது இந்த ஊரில் பிறந்த எனக்குத் தெரியாததல்ல. பதிவகம் கொடுத்த தாளில் பெயருக்குப் பக்கத்திலேயே 13 இலக்க அடையாள எண் இருந்தது. அதன் முதல் ஆறு இலக்கங்கள் பிறந்த ஆண்டு, மாதம், தேதி. அந்த எண்ணுக்குரியவருக்கு முப்பத்து நான்கு வயது. கடைக்காரருக்கு அறுபதுக்கு மேல். தாள் என் மேசையிலேயே கிடந்தது. அந்த எண்ணைப் பார் என்று எனக்குச் சொல்லித்தர அந்த அலுவலகத்தில் யாருக்கும் நேரமில்லை. அடுத்த வாரம் உள்பக்கத்தில் நான்கு வரியில் திருத்தம் வெளியிட்டோம். மன்னிப்புக் கேட்கக் கடைக்குப் போனபோது ஆணியை எடைபோட்டுக்கொண்டிருந்த அவர் தலையை நிமிர்த்தாமலே, “என் பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து அழுதுகொண்டே வந்தாள், தம்பி” என்று மட்டும் சொன்னார்.

அரை மணி நேரம் ஒரு மூத்தவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, வரிக்கு வரி “இது உனக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டிருந்தால் அந்தத் தவறு நேர்ந்திருக்காது. அந்தக் கேள்வியை ஓராண்டு முழுவதும் கேட்டுக்கொண்டே இருப்பதுதான் பயிற்சி. விரிவுரைக் கூடத்தில் அறுபது பேருக்கு ஒரே நேரத்தில் அதைச் செய்ய முடியாது.

நேரம் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் தென்னாப்பிரிக்க அரசியல் சட்டத்தின் 32-ஆம் பிரிவு தகவல் பெறும் உரிமையைத் தருகிறது. அதை நடைமுறைப்படுத்த 2000-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. விண்ணப்பித்தால் 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். அதை மேலும் 30 நாள் நீட்டிக்கச் சட்டமே இடம் தருகிறது. மறுத்தால் மேல்முறையீடு, பிறகு தகவல் ஒழுங்குமுறை ஆணையம், அதன் பிறகு நீதிமன்றம். நாளுக்கு நான்கு செய்தி எழுதும் இளம் செய்தியாளர் முப்பத்தோராம் நாள் தன் விண்ணப்பத்தை நினைவில் வைத்திருப்பதே பெரிய காரியம். பதில் தராமல் மௌனமாக இருக்கும் அதிகாரிகளும் அதைத்தான் நம்பியிருக்கிறார்கள்.

2013 நவம்பர் 19 அன்று டர்பனுக்கு வடக்கே உள்ள டோங்காட்டில் கட்டப்பட்டுவந்த வணிக வளாகம் சரிந்து இருவர் இறந்தார்கள். 29 பேர் காயமடைந்தார்கள். மாநகராட்சி அதற்கு முன்பே நீதிமன்றம் சென்று வேலையை நிறுத்த ஆணை பெற்றிருந்தது. ஆணையை மீறித்தான் கான்கிரீட் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். இடிபாடுகளைச் சுற்றி அன்றிரவு எத்தனையோ செய்தியாளர்கள் நின்றோம். அதற்கு முன் நீதிமன்றப் பதிவாளரின் கோப்பைப் பிரித்துப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் பொழுது வாய்க்கவில்லை என்ற உறுத்தல் எனக்கு இன்றும் இருக்கிறது.

பயிற்சியில் சட்ட அறிஞர் ஒருவரும் பாதுகாப்பு பற்றிய பொறுப்பும் கட்டாயம் இருக்க வேண்டும். 2023 ஜூன் மாதம் அமாபுங்கனே புலனாய்வுச் செய்தி மையத்துக்கு எதிராக மோட்டி என்ற வணிகக் குழுமம், மறுதரப்பைக் கேட்காமலே ஒரு தடை ஆணையைப் பெற்றது. ஜூலையில்தான் அது நீக்கப்பட்டது. அனுபவமும் வழக்குரைஞர்களும் உள்ள ஓர் அமைப்பே அப்படி அலைய வேண்டியிருந்தது என்றால், இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தி தனியே என்ன செய்வாள்? கௌட்டெங் மாகாணச் சுகாதாரத் துறையின் கணக்கு அதிகாரி பபிதா தேவ்கரன், டெம்பிசா மருத்துவமனையின் சந்தேகத்துக்குரிய பணப்பட்டுவாடாக்களைச் சுட்டிக்காட்டிய பிறகு, 2021 ஆகஸ்ட் 23 அன்று தம் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் விட்டுச்சென்ற தடயங்களை நியூஸ்24 செய்தியாளர் ஜெஃப் விக்ஸ் பொறுமையாகப் பின்தொடர்ந்ததால்தான் அந்தப் பணம் போன வழி மக்களுக்குத் தெரிந்தது. பெத்தால் ஊர்ப் பண்ணைகளில் தொழிலாளர்கள் பட்ட கொடுமையை 1952-இல் தாமே கூலியாளாகப் போய் எழுதிய செய்தியாளர் ஹென்றி நுமாலோ, 1956-ஆம் ஆண்டின் கடைசி நாளில் இன்னொரு செய்தியைத் துப்பறியும்போது கொல்லப்பட்டார். எந்தத் தெருவுக்குத் தனியாகப் போகக் கூடாது, தகவல் தந்தவரின் பெயரை எங்கே எழுதி வைக்கக் கூடாது என்பவற்றைக் கற்றுக்கொள்ளாமல் ஒரு பிள்ளையைக்கூட இந்த வேலைக்கு அனுப்பக் கூடாது என்பேன்.

ஜோகன்னஸ்பர்க்கில் விட்ஸ் பல்கலைக்கழகம் ஆப்பிரிக்கப் புலனாய்வு இதழியல் மாநாட்டை நடத்துகிறது. சிறைகளில் வாடும் நிரபராதிகளைத் தேடும் விட்ஸ் நீதித் திட்டமும் அங்கேதான் பிறந்தது. போற்றத்தக்க பணிகள். ஆனால் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டோங்காட் போன்ற ஊர்களில் இரண்டு மூன்று பேரைக் கொண்டு நடக்கும் வார ஏடுகளிலிருந்து ஒரு பிள்ளையை ஓராண்டு அனுப்ப எந்த ஆசிரியரும் துணிய மாட்டார். அனுப்பினால் ஏடு நின்றுவிடும். ஆகவே பயிற்சி பெறுகிறவருக்குச் சம்பளம் தருவதோடு, அவருடைய இடத்தில் உட்காருகிறவரின் சம்பளத்தையும் ஃபெலோஷிப்பே ஏற்க வேண்டும். இதைச் செய்யாவிட்டால் இடங்கள் எல்லாம் பெரிய ஏடுகளுக்கே போய்ச் சேரும். திரும்பி வந்தவரைத் தக்கவைப்பதும் சுலபமல்ல. நன்றாகத் தேறிய என் சகாக்கள் மூவர் அரசுத் துறைகளின் செய்தித் தொடர்பாளர்களாகப் போனார்கள்; வீட்டுக் கடனும் பிள்ளைகளின் படிப்புச் செலவும் இருந்த அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

தமிழ் ஏட்டுக்கு இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. பி.எஸ். ஐயர் 1908-இல் டர்பனில் தொடங்கிய ‘ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்’ தமிழிலும் ஆங்கிலத்திலும் வெளிவந்து, ஒப்பந்தம் முடிந்த கூலித் தொழிலாளர்கள் மீது சுமத்தப்பட்டிருந்த மூன்று பவுன் வரியை எதிர்த்துத் தொடர்ந்து எழுதியது. 1914-இல் அந்த வரி ஒழிந்தது. அந்தத் தமிழ்ப் பக்கங்களைப் படிக்கக்கூடிய இளம் செய்தியாளர்கள் இன்று இங்கே மிகக் குறைவு. டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையும் குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகமும் சேர்ந்து இத்தகைய ஃபெலோஷிப் ஒன்றை நடத்த வேண்டும் என்றும், அதில் ஓர் இடத்தையாவது சிற்றூர் வார ஏடுகளுக்கு ஒதுக்க வேண்டும் என்றும் தாங்கள் தலையங்கம் எழுத வேண்டுகிறேன். அந்தச் செய்தியாளர்கள் எழுதுவதைத் தமிழிலும் வெளியிடத் தங்கள் ஏடு முன்வருமானால், இங்குள்ள பெரியவர்கள் பலர் அதைத் தங்கள் தாய்மொழியில் படிப்பார்கள்.

அவ்வாறு ஒன்று தொடங்கப்பட்டால், சனிக்கிழமைதோறும் வந்து, பதிவகத் தாள்களையும் நீதிமன்றக் கோப்புகளையும் படிப்பது எப்படி என்று ஊதியம் எதுவும் பெறாமல் சொல்லித்தர நான் தயாராக இருக்கிறேன். முதல் நாள் பாடத்துக்கு என்னுடைய அந்தப் பழைய செய்தியையும் நான்கு வரித் திருத்தத்தையும் எடுத்து வருவேன். இரண்டையும் வெட்டி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செய்தியாளர் ஒருவர்,
சாட்ஸ்வர்த், டர்பன்,
தென்னாப்பிரிக்கா.